பொங்கலுக்கு 24 பேர்: மன்னார்குடிப் பக்கத்து ஊர் வீடா, தஞ்சாவூர் பிளாட்டா?

வடவாற்றங்கரை:
வணக்கம். இந்தப் பொங்கலுக்குக் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. பெரியவர்கள் 18 பேர், பிள்ளைகள் 6. அதில் இரண்டு கைக்குழந்தை. போகிக்கு முதல் நாள் மாலை வந்து காணும் பொங்கல் முடிந்து கிளம்புவதாகத் திட்டம். ஆக நாலு ராத்திரி.

இடம் இரண்டு இருக்கிறது. ஒன்று, வடுவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே உள்ள ஊர் வீடு. ஓட்டு வீடு, கூடம், முற்றம், இரண்டு அறை, பெரிய திண்ணை. கொல்லையில் கிணறு, 1 எச்பி ஜெட் மோட்டார், 1000 லிட்டர் டேங்க். கழிப்பறை ஒன்றே ஒன்று, குளியலறை தனி. ஜூன் மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று, தஞ்சாவூரில் மூன்றாவது மாடி பிளாட். 950 சதுர அடி, இரண்டு படுக்கையறை, இரண்டு கழிப்பறை, லிஃப்ட், ஒரு கார் நிறுத்தும் இடம்.

வீட்டில் பாதிப் பேர் "நிம்மதியாக ஊரில் இருப்போம்" என்கிறார்கள், பாதிப் பேர் "அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்காது, டவுனே மேல்" என்கிறார்கள். 78 வயதில் இதய நோயாளி ஒருவர், இன்சுலின் போடுபவர் ஒருவர் வருகிறார்கள். ஊர் என்றால் முன்கூட்டி என்னென்ன பார்க்க வேண்டும்? பிளாட் என்றால் எங்கே இடிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உறைகிணறு:
முதலில் கழிப்பறையைப் பாருங்கள் சார். மற்றதெல்லாம் அப்புறம்.

24 பேர், ஒரு கழிப்பறை. காலை 6 முதல் 9 வரை 180 நிமிடம். தலைக்கு ஏழரை நிமிடம். தாத்தாவுக்கு இருபது நிமிடம் ஆகும், பிள்ளைக்குக் கழுவிவிட ஒருவர் கூடப் போக வேண்டும். கணக்கு அங்கேயே உடைந்துவிடும். பக்கத்து வீட்டுச் சொந்தக்காரர்களிடம் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று என்று இப்போதே பேசி வையுங்கள். குறைந்தது மூன்று வேண்டும்.

அடுத்தது பலருக்குத் தோன்றாத விஷயம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அதாவது பொங்கல் சமயத்தில் முறை வைத்தாவது வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அதற்கு முன் மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழை வேறு. டெல்டாவில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கிற காலம் இதுதான். உங்கள் செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போகிறது, அந்தக் குழியைச் சுற்றியுள்ள மண் ஏற்கெனவே நனைந்து நிற்கிறது. மே மாதத்தில் 24 பேரைத் தாங்கிய அதே குழி ஜனவரியில் பத்துப் பேருக்கே எதிர்க்கும். ஃபிளஷ் செய்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும், கோப்பையில் 'குளுக் குளுக்' சத்தம் வரும். அதுதான் முதல் எச்சரிக்கை.

செய்ய வேண்டியது:

பொங்கலுக்கு மூன்று வாரம் முன்பே மூடியைத் திறந்து காற்று போக விடுங்கள். எட்டிப் பார்க்க வேண்டாம், பீடி, தீக்குச்சி பக்கத்திலேயே வேண்டாம். நீளக் கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடி வரை இறக்கி எடுத்தால் கசடு எந்த உயரம் வரை என்று துணியில் தெரியும். மொத்தத் தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசடு என்றால் லாரி கூப்பிட வேண்டும். எக்காரணம் கொண்டும் ஆளை இறக்காதீர்கள். 2013 சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், உள்ளே இருக்கிற வாயு ஆளை நிமிடத்தில் சாய்த்துவிடும். லாரி வந்து போனதும் டேங்கில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலி டேங்க் வெளி அழுத்தத்தில் விரிசல் விடும்.

பிறகு, குளியல் தண்ணீரை அந்தக் குழாயிலிருந்து பிரித்துவிடுங்கள். 24 பேர் தலைக்கு 30 லிட்டர் குளித்தாலே 720 லிட்டர். ஒரு நீள பிவிசி பைப்பும் ஒரு பெண்டும் போதும், வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடலாம். டேங்குக்குப் போகும் சுமையில் பாதி அதிலேயே குறையும். ஃபிளஷ் டேங்கை மூடி வைத்து வாளி, மக் வைத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை இழுத்தால் எட்டுப் பத்து லிட்டர் போகிற இடத்தில் இரண்டு மூன்று லிட்டரில் முடியும்.

ஆசிட், ஃபினாயில் ஊற்றிப் 'பளிச்' ஆக்குகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள், தடுத்துவிடுங்கள். கசடைத் தின்கிற கிருமி செத்தால் நாலு நாளில் நாற்றம் திண்ணைக்கு வரும்.

மூன்றாவது மாடி:
இவ்வளவு வேலைக்கு டவுனிலேயே இருந்துவிடலாமே என்பது என் கட்சி. நாலு நாள் கூட்டத்துக்கு மூன்று வாரம் செப்டிக் டேங்க் ஆராய்ச்சி செய்கிறோம். தஞ்சாவூரில் கழிவு எங்கே போகிறது என்று யோசிக்கவே வேண்டாம். பத்து நிமிடத்தில் மருந்துக்கடை, நடுராத்திரி பால் பவுடர் தீர்ந்தாலும் அலைந்தால் கிடைத்துவிடும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்குள்ளேயே. 78 வயது இதய நோயாளியை வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதில் என்ன நிம்மதி?

உறைகிணறு:
950 சதுர அடியில் 24 பேரை எங்கே படுக்க வைப்பீர்கள்? ஒருவர் நீட்டிப் படுக்க ஆறடிக்கு இரண்டரை அடி, அதாவது 15 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் கணக்குப்படி எட்டு. சோபா, டிவி மேசை, பாத்ரூம் போகிற வழி கழித்தால் ஆறு. இரண்டு படுக்கையறையில் ஐந்தைந்து. ஆகப் பதினாறு. மிச்சம் எட்டுப் பேர் லாட்ஜ். பொங்கல் வாரத்தில் தஞ்சாவூர் லாட்ஜ் கடைசி நேரத்தில் கிடைக்காது, பெரிய கோயில் பார்க்க வருகிற கூட்டமும் அந்த விடுமுறையில்தான் வரும்.

மூன்றாவது மாடி:
லாட்ஜ் விஷயம் சரிதான், மாதம் முன்னால் போட வேண்டும். பிளாட்டின் மற்ற கஷ்டங்களையும் நானே சொல்லிவிடுகிறேன், நியாயம்.

அசோசியேஷன் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை கார். தண்ணீர் பொதுச் சம்ப்பிலிருந்து வருகிறது. உங்கள் வீட்டில் திடீரென்று ஆறு மடங்கு செலவானால் மேல் டேங்க் காலையில் காலியாகி மற்ற வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். ஒரு டேங்கர் லாரிச் செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஜெனரேட்டர் பெரும்பாலான இடங்களில் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டும்தான், வீட்டுக்குள் வராது.

பொங்கல் பானையை மொட்டை மாடியில் விறகு வைத்து ஏற்ற நினைத்தால் தளத்தில் பதித்த தட்டை ஓடு நேரடியாக நெருப்பைத் தாங்காது, வெடிக்கும். அதன் கீழே உள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் போகும், அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். ஒரு அடுக்குச் செங்கல் பரப்பி, அதன்மேல் மூன்று அங்குலம் மணல், அதன்மேல் அடுப்புக்கல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சின்டெக்ஸ் டேங்குக்கும் கேபிள் வயருக்கும் தள்ளி.

ஃபீஸ்கட்டை:
ஊர்ப்பக்கம் முடிவானால் மின்சாரம் பற்றி.

சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ் என்று வைத்துச் சொல்கிறேன். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும், ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அயர்ன் பாக்ஸ் 1000 வாட், தண்ணீர் காய்ச்சுகிற ராடு 1500, மிக்ஸி 750, கிரைண்டர் 200, ஃபிரிட்ஜ் 200. போகிப் பண்டிகை காலையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும், அது நிச்சயம். நாலரை கிலோவாட்டைத் தாண்டினால் 20 ஆம்பியர். பழைய ஃபீஸ் கட்டை அந்த இடத்தில்தான் உருகும். உருகினால் யாராவது ஒருவர் கையில் கிடைத்த செம்புக் கம்பியை மூன்று முறுக்கி மாட்டிவிட்டு "இனிமே போகாது" என்பார். ஃபீஸ் போகாது, சுவருக்குள் இருக்கும் வயர் போகும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு விதி: மோட்டார் ஓடும்போது ராடும் அயர்னும் கிடையாது. வெந்நீருக்கு கொல்லையில் விறகடுப்பும் அண்டாவும்.

வோல்டேஜ் இன்னொரு தொல்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் அன்றைக்கு விருந்தாளி. சாயங்காலம் 6 முதல் 9 வரை டிரான்ஸ்பார்மர் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாம். அப்போது மோட்டார் சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. அப்படியே விட்டால் வைண்டிங் கருகும். டேங்கை மதியம் 12-க்கும் 3-க்கும் நடுவே நிரப்புங்கள், மறுபடி விடியற்காலை 5 மணிக்கு.

ஏழு மாதம் ஓடாத மோட்டார் வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் இரண்டு காரணம். ஒன்று, துரு பிடித்து இறுகியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிக் கையால் விசிறியைச் சுற்றுங்கள், இளகும். இளகியும் உறுமினால் கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும். பழையதில் எழுதியிருக்கும் அதே எம்எஃப்டி (கெப்பாசிட்டர் அளவு), அதே வோல்ட் பார்த்து மாற்றுங்கள். சுற்றுகிறது ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் கிணற்றுக்குள் குழாய் நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வின் தோல் காய்ந்து பிடிப்பு விட்டிருக்கும். பிரைமிங் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், ஊற்ற ஊற்ற மட்டம் இறங்கினால் வால்வை மாற்றியே ஆக வேண்டும். இதையெல்லாம் போகிக்கு முதல் நாள் செய்யாதீர்கள். எலக்ட்ரிக் கடையும் பிளம்பரும் அன்றைக்கு உங்களைப் போன்ற நாற்பது பேருக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

வாசலில் சீரியல் லைட் போடுவதென்றால் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச்) ஒன்று மாட்டிவிட்டுப் போடுங்கள். பனியில் நனைந்த வயர், இரும்பு கேட், வெறுங்கால் பிள்ளைகள். எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்வெர்ட்டர் வாடகைக்கு எடுத்தால்: 150 ஏஎச் பேட்டரி என்பது காகிதத்தில் 1800 வாட்-மணி, நடைமுறையில் 1100 போல. நாலு சாதா ஃபேன், ஐந்தாறு எல்இடி என்றால் மூன்று மணி நேரம். கரண்ட் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987, எண்ணோடு உங்கள் சர்வீஸ் நம்பரையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வடவாற்றங்கரை:
ஃபீஸ்கட்டை அண்ணே, கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? மழைக்குப் பிறகு கொஞ்சம் கலங்கல் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்?

உறைகிணறு:
குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்குங்கள். குடிக்க தலைக்கு மூன்று லிட்டர், 72 லிட்டர். சமையலுக்கு இன்னும் 40, 50. நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் ஆறு. நாலு நாளுக்கு 24 கேனையும் முதல் நாளே இறக்கச் சொல்லுங்கள், பொங்கலன்று கேன் போடும் பையன் வரமாட்டான்.

மற்ற புழக்கத்துக்குத் தலைக்கு 80 லிட்டர் வைத்தால் ஏறக்குறைய 2000 லிட்டர். உங்கள் டேங்கை இரண்டு முறை நிரப்ப வேண்டும்.

கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர். தண்ணீரின் அளவு கண்டுபிடிக்க எளிய வழி: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம், எல்லாம் அடியில், அதை 22-ஆல் பெருக்கினால் லிட்டர். ஐந்தடி விட்டம், பத்தடித் தண்ணீர் என்றால் 5500 லிட்டர். நல்ல பவுடர் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம், இங்கே 14 கிராம். கலங்கல் இருந்தால் இரட்டிப்பு. தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். அடிச்சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும், சோப்பு நுரைக்காது. ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது வசதி, குறைந்தது ஒரு மணி நேரம். போன வருடத்துப் பாக்கெட், வாய் திறந்து கிடந்தது, ஈரம் பட்டது: மூன்றும் வீண், குளோரின் போயிருக்கும்.

தண்ணீர் டேங்க் தனி. அடியில் ஏழு மாதச் சேறு இருக்கும். வால்வைத் திறந்து வடித்து, தேய்த்துக் கழுவி, அதன்பிறகு நிரப்பி 150 கிராம் ப்ளீச்சிங் கரைத்து ஊற்றி நாலு மணி நேரம் வைத்து, குழாய்கள் அத்தனையையும் ஒருமுறை திறந்து அந்தத் தண்ணீரை முழுக்க வெளியே விடுங்கள். செடிக்கும் செப்டிக்குக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படி அலமேலு:
சமையல் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே, சாப்பிடாமலா இருக்கப் போகிறீர்கள்?

தம்பி, ஊர் வீட்டு கேஸ் அடுப்பை முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கும், சில சமயம் பின்பக்கமாக திருகும் பிடியிலும் தீ வரும். பர்னரைக் கழற்றிக் குழாயில் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் குழாயில் போட்டிருக்கும் வருடத்தைப் பாருங்கள், வளைத்தால் வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், எலி கடித்ததா என்றும் பாருங்கள். சோப்பு நுரை தடவி ரெகுலேட்டரைத் திறந்தால் கசிவு குமிழியாகத் தெரியும். 24 பேருக்கு நாலு நாள் என்றால் 14.2 கிலோ சிலிண்டர் பாதி ஓடிவிடும், புதிது ஒன்று, மாற்று ஒன்று இருக்கட்டும்.

வீட்டு அடுப்பில் பத்துப் படி குண்டான் நிற்காது. வாடகைப் பாத்திரக் கடையில் ஒற்றை பர்னர் இரும்பு அடுப்பு, ஒரு அண்டா, இரண்டு குண்டான், ஜல்லிக்கரண்டி, சாதம் வடிக்கக் கஞ்சிக்கூடை, ஜமக்காளம் இரண்டு எடுத்துவிடுங்கள். மன்னார்குடியில் எல்லாம் கிடைக்கும். போகியன்று போனால் நசுங்கிய பாத்திரம்தான் மிஞ்சும்.

அளவு: மதியச் சாப்பாட்டுக்குப் பச்சையாக மூன்று கிலோ பொன்னி அரிசி, மூன்றரைக்கு மேல் வேண்டாம். சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ. காலை இட்லிக்கு நூறு இட்லி கணக்கு, இரண்டு கிலோ இட்லி அரிசி, அரை கிலோ உளுந்து. இரண்டு லிட்டர் கிரைண்டரில் இரண்டு தடவை போட வேண்டும். தை மாதப் பனியில் மாவு பொங்க பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். சாயங்காலம் நாலு மணிக்கே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலக்கி, அடுப்பு மேடைப் பக்கம் துணி மூடி வையுங்கள். ராத்திரி ஒன்பதுக்கு அரைத்தால் காலையில் உப்புமாதான்.

சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றே முக்கால் கிலோ வெல்லம், 300 கிராம் நெய். புது அரிசி என்றால் தண்ணீர் குறைத்து வையுங்கள், சீக்கிரம் குழையும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், டெல்டா மணலைப் பல்லில் கடிக்க வேண்டாம். அரிசி முழுக்க வெந்த பிறகே வெல்லம். முன்னால் போட்டால் அரிசி அப்படியே விறைத்து நிற்கும்.

பால் நாளைக்கு ஐந்து லிட்டர் காப்பிக்கு, இரண்டரை லிட்டர் தயிருக்கு. ஊரில் கறக்கிறவர் வீட்டில் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவையுங்கள், சொஸைட்டிக்கு ஊற்றுவதற்கு முன் எடுத்து வைப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர், டயப்பர் இரண்டும் கொண்டு வந்துவிடுங்கள், கிராமத்துக் கடையில் நீங்கள் கேட்கிற அளவு இருக்காது.

கறி சாப்பிடுகிற வீடு என்றால்: மாட்டுப் பொங்கல் அன்று திருவள்ளுவர் தினம். மாநகராட்சிகளில் இறைச்சிக் கடையை மூடச் சொல்வது வழக்கம், டாஸ்மாக்கும் மூடல். கறி விருந்தைக் காணும் பொங்கலுக்குத் தள்ளுங்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, வாழை இலை, பூசணி எல்லாம் ஊரில் வயலிலிருந்தே வரும். தஞ்சாவூர் மார்க்கெட்டில் அன்றைக்கு அதே இலைக்குப் பேரம் பேச முடியாது. ஊர்ப்பக்கம் இது ஒன்றுதான் டவுனைவிட உண்மையிலேயே வசதி.

திண்ணைத்தூங்கி:
அலமேலு அக்கா சொன்னது போக இன்னொன்று: திண்ணையில் காற்று வாங்கிப் படுக்கலாமே! அதற்காகத்தானே ஊருக்குப் போவது.

இரவுப்பணி:
திண்ணையில் படுப்பதைப் பற்றி நானே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

பொங்கல் நேரம் சம்பா அறுவடை. வயலில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு, அறுவடை மெஷின் இறங்கினால் இரண்டும் வீட்டுப் பக்கம் வரும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி மிகக் குறைவு, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குதல், விழுங்கக் கஷ்டம் என்று ஆரம்பிக்கும், பலர் முந்தின நாள் சாப்பாடு என்று நினைத்து நேரம் கடத்துவார்கள். ஆகவே தரையில் படுக்கிற எல்லோருக்கும் கொசுவலை, வலையின் ஓரம் பாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டும். கொசுவுக்கும் அதுவே மருந்து. விறகு, தேங்காய் மட்டை, செங்கல் குவியல் எதுவும் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. வந்ததும் சுத்தம் செய்கிறேன் என்று வெறுங்கையை விறகுக்குள் விடாதீர்கள். கழிப்பறை வெளியே இருக்கிறது, வழியில் விளக்கு, கையில் டார்ச், காலில் செருப்பு.

கடித்தால்: கடித்த கை காலை அசைக்காமல், கட்டை வைத்து இறுக்காமல் கட்டி, 108. கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. நேரே மன்னார்குடி அரசு மருத்துவமனை. பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இதய நோயாளிக்கு: பத்து நாள் மாத்திரை, பழைய ஈசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி ஒரே பையில். இரவு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரிடம் நாலு நாளும் போன் எடுப்பதாக வாக்கு வாங்குங்கள், அல்லது ஒரு சொந்தக் கார் எப்போதும் வெளியே எடுக்கிற மாதிரி நிற்கட்டும். 108 வரும், ஆனால் புதிய ஓட்டுநருக்கு வழி சொல்ல ஒருவர் முக்கில் நிற்க வேண்டும். ஊர் வீடு தெருக்கோடியில் இருந்தால் வீட்டு அடையாளத்தை வார்த்தையில் எழுதி வையுங்கள், பதற்றத்தில் சொல்ல வராது.

இன்சுலின்: திறக்காதது ஃபிரிட்ஜில், ஃப்ரீஸர் பக்கம் ஒட்டாமல். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நாலு வாரம் வெளியே இருக்கலாம், பெட்டியில் உள்ள குறிப்பை ஒருமுறை பாருங்கள். தை மாதத்தில் கரண்ட் போனாலும் பயம் இல்லை, வெயில் படுகிற ஜன்னலிலும் காருக்குள்ளும் வைக்காமல் இருந்தால் சரி.

பிள்ளைகளுக்குப் பாம்பைவிட வாய்க்கால் ஆபத்து. தண்ணீர் ஓடுகிற மாதம். கிணற்றுக்கு இரும்பு வலை மூடி இல்லை என்றால் வந்து இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது மாடி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். கொசுவலை, பாம்பு, வலைமூடி, 108-க்கு முக்கில் ஆள்!

இரவுப்பணி:
டவுனில் இருந்தாலும் போகியன்று காலையில் டயர், பிளாஸ்டிக் புகையில் ஆஸ்துமாக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வரிசையாக வருகிறார்கள் சார். நெபுலைசர் அங்கேயும் தேவைப்படும். இடத்துக்கு இடம் ஆபத்து மாறும், அவ்வளவுதான். 78 வயதுக்காரர் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம். ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ ஸ்டென்ட்டோ இருந்தால் அவர் ராத்திரி தஞ்சாவூரில் இருப்பதே மேல்.

கடைசிவண்டி:
வருகிற வழி பற்றி ஒரு வார்த்தை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து. போகிக்கு முதல் நாள் வண்டி திறக்கிற காலை எட்டு மணிக்கே முடிந்துவிடும். சென்னையிலிருந்து மன்னார்குடிக்கு மன்னை எக்ஸ்பிரஸ், தஞ்சாவூருக்கு உழவன் எக்ஸ்பிரஸ். மன்னை கிடைக்காவிட்டால் உழவனைப் பிடித்துத் தஞ்சாவூரில் இறங்கி பஸ். தத்கல் முந்தின நாள், ஏசி 10 மணி, மற்றது 11 மணி, ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். பஸ் என்றால் கிளாம்பாக்கம். கோயம்பேட்டில் போய் நிற்கிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு, அவருக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

காரில் வருகிறவர்கள் தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் இருட்டிய பிறகு வேகம் குறைக்கவும். நெல்லைச் சாலையில் காயப்போட்டுக் கல் வைத்து ஓரம் கட்டியிருப்பார்கள், பின்விளக்கு இல்லாத டிராக்டர், அறுவடை மெஷின் ஏற்றிய லாரி எல்லாம் வரும்.

வடவாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசியதில் இப்படி நிற்கிறது: ஊர் வீட்டில் 17 பேர், பக்கத்துச் சித்தப்பா வீட்டுக் கழிப்பறையும் எதிர் வீட்டுக் கழிப்பறையும் கிடைத்துவிட்டன. தாத்தா, பாட்டி, கைக்குழந்தைக் குடும்பங்கள் இரண்டு, ஆக ஏழு பேர் தஞ்சாவூர் பிளாட்டில் தூங்கி, பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் காலையில் ஊருக்கு வந்து இருட்டுவதற்கு முன் திரும்புவார்கள். தாத்தாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. இரண்டு கேள்வி. பிளாட்டில் இருப்பவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு எப்படி? கிளம்பும்போது ஊர் வீட்டை எப்படிப் பூட்டுவது?

அடுப்படி அலமேலு:
மதியம் வடித்த சாதத்தை ராத்திரிக்குக் காரில் கொடுத்தனுப்பாதீர்கள், குழம்பும் அப்படித்தான், குழந்தைக்கும் பெரியவருக்கும் ஆகாது. இட்லி மாவு இரண்டு லிட்டர் தூக்கில் கொடுத்துவிடுங்கள், தூக்கில் பாதிக்கு மேல் ஊற்றாமல், வழியில் பொங்கி வழியும். அங்கே போய்த் தோசையோ இட்லியோ. சட்னிக்குப் பொட்டுக்கடலை அந்த வீட்டில் இருக்கட்டும். பொங்கலன்று ஓட்டலை நம்ப வேண்டாம், பாதிக்கு மேல் மூடியிருக்கும், ஆர்டர் எடுக்கிற ஆப்பில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் கொண்டுவர ஆள் இருக்காது.

ஃபீஸ்கட்டை:
பூட்டும்போது: மோட்டார் பம்புக்குள் நிற்கிற தண்ணீரை வடித்துவிடுங்கள், துரு குறையும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவை ஒரு சாண் திறந்த மாதிரி கட்டை வைத்து விடுங்கள். மூடினால் அடுத்த முறை பூஞ்சணம். மெயினை இறக்கி ஃபீஸ் கட்டையைக் கழற்றி அலமாரியில். ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து எடுத்து, மூடி போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

உறைகிணறு:
தண்ணீர் டேங்கைக் காலி செய்து மூடியைக் கயிற்றால் கட்டுங்கள், குரங்கு தூக்கிப் போடும். கழிப்பறைக் கோப்பையில் நிற்கிற தண்ணீர் வெயிலில் வற்றினால் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வரும், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றினால் ஆவியாவது மெதுவாகும், வாயை ஒரு பலகையால் மூடி மேலே கல் வையுங்கள். சாவி ஒன்று சித்தப்பா வீட்டில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மோட்டாரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடச் சொல்லுங்கள்.